மணலில் நிற்கும் இரும்பு: ஓர் எந்திர விலங்குத் தொடரின் அனுபவம்

பாலைவனத்தில் எந்திர விலங்குகளை நிறுத்தி வரையும் ஓவியத் தொடர் ஒன்றில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். யானை, ஆமை, நாரை, குதிரை, திமிங்கிலம் என்று விலங்குகள் மாறும். மணலும் வெயிலும் இரும்பும் மாறுவதில்லை. இந்த வகைப் படங்களை வரையத் தொடங்கும் இளம் ஓவியர்கள் பெரும்பாலும் கற்பனையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இந்த உருவங்கள் எங்கிருந்து வருகின்றன, கனவில் கண்டவையா என்பது அவர்களுடைய கேள்வி. என் அனுபவத்தில் கற்பனைக்கு ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை. இரும்பு யானை ஒன்றை யார் வேண்டுமானாலும் மனத்தில் நினைத்துவிடலாம். அந்த யானை அந்த மணலில்தான் நிற்கிறது, அதன் எடை மணலை அழுத்துகிறது, மணலின் சூடு அதன் வயிற்றில் ஏறுகிறது என்று பார்ப்பவரை நம்பச் செய்வதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. அந்த உழைப்பில் கிடைத்தவற்றை, இதே வழியில் வர விரும்புவோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

சர்ரியலிசம் என்ற கலை இயக்கம் என்றாலே கட்டுப்பாடற்ற கனவு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924-இல் வெளியிட்ட அறிக்கை, பகுத்தறிவின் கண்காணிப்பிலிருந்து விடுபட்ட மன இயக்கத்தையே முதன்மைப்படுத்தியது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கலை இயக்கத்தின் ஓவியர்கள் வரைந்தவற்றை நிதானமாகப் பார்த்தால், அவற்றில் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்பது விளங்கும். உருகும் கடிகாரங்களைக் கொண்ட சால்வதோர் டாலியின் 1931-ஆம் ஆண்டுப் படம் 24 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும் மட்டுமே உள்ள சிறிய படம். அதில் கடிகாரங்கள் துணியைப் போலத் தொங்குகின்றன. பின்னால் தெரியும் காட்டலோனியக் கடற்கரைப் பாறைகளோ, கல்லுக்குரிய கடினத்தோடு, மாலை ஒளியைத் தாங்கி அப்படியே நிற்கின்றன. பாறையும் குழைந்திருந்தால் கடிகாரம் குழைந்ததில் நமக்கு எந்த அதிர்ச்சியும் இருந்திருக்காது. நான் என் தொடருக்கு வகுத்துக்கொண்ட விதி இங்கிருந்து பிறந்ததுதான்: ஒரு படத்தில் இயற்கையின் ஒரே ஒரு விதியை மீறலாம், மீதி எல்லா விதிகளுக்கும் அந்தப் படம் கீழ்ப்படிந்தாக வேண்டும். எந்திரம் உயிரோடு இருக்கிறது என்பது என் படங்களின் மீறல். ஆகவே புவியீர்ப்பு, காற்று, நிழல், துரு ஆகியவற்றில் எனக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

இந்தத் துறையில் இறங்குபவர், ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1921-இல் வரைந்த ‘செலபஸ்’ யானையிலிருந்து தொடங்குவது நல்லது. லண்டனில் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அது இருக்கிறது. நீராவிக் கொதிகலனைப் போன்ற உருண்ட உடல், தும்பிக்கை என்று நினைக்கத் தூண்டும் குழாய், அதன் நுனியில் கொம்புள்ள ஒரு தலை என்று அந்த உருவம் ஒரு வெட்டவெளியில் நிற்கிறது. எர்ன்ஸ்டுக்கு அந்த உடல் கிடைத்தது, ஆப்பிரிக்காவில் தானியம் சேமிக்கப் பயன்பட்ட மண் குதிர் ஒன்றின் புகைப்படத்திலிருந்து. அவர் அந்த மண் குதிருக்கு யானை வேடம் போடவில்லை. குதிருக்குள் ஏற்கெனவே இருந்த யானையைக் கண்டுகொண்டார். இது நடைமுறையில் மிகவும் பயன்படும் பாடம். விலங்கை முதலில் வரைந்துவிட்டு அதன் மேல் பல்சக்கரங்களை ஒட்டினால் அது மாறுவேடம் அணிந்த விலங்காகத்தான் தெரியும். மாறாக, ஒரு பொருளை, ஒரு தண்ணீர்ப் பம்பையோ தையல் இயந்திரத்தையோ மண்வெட்டும் பொக்லைனையோ, பல கோணங்களில் கோட்டோவியமாக வரைந்துகொண்டே போனால், ஏதோ ஒரு கோணத்தில் அதன் கழுத்தோ முதுகோ தானாகத் தலைகாட்டும். என் நாரை, மேசை விளக்கு ஒன்றின் ஸ்பிரிங் கையிலிருந்து பிறந்தது. அந்தக் கையில் இரண்டு மூட்டுகள், எடையைச் சமன் செய்யும் இரண்டு ஸ்பிரிங்குகள், மடங்கி நிமிரும் ஒழுங்கு ஆகிய எல்லாம் நாரையின் கழுத்துக்கு வேண்டிய அளவில் இருந்தன. நான் சேர்க்க வேண்டியிருந்தது மிகக் குறைவு.

டாலியின் 1948-ஆம் ஆண்டு யானைகளையும் பார்க்க வேண்டும். பூச்சிக்கால்களைப் போல நீண்டு மெலிந்த கால்களின் மேல், முதுகில் கூர்ந்த கல்தூணைச் சுமந்தபடி அவை நடக்கின்றன. தூண் சுமக்கும் யானை அவருக்கு ரோம் நகரில் பெர்னினியின் வடிவமைப்பில் 1667-இல் நிறுவப்பட்ட சிற்பத்திலிருந்து வந்தது. அந்தப் படத்தில் மீறப்படுவது எடை என்ற ஒன்றுதான். யானையின் தோல் மடிப்புகள் தோலாகவே இருக்கின்றன. ஈவ் தாங்கி என்ற பிரெஞ்சு ஓவியரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. முறையான ஓவியப் பயிற்சி பெறாத அவர், பெயர் சொல்ல முடியாத வடிவங்களை எல்லையற்ற வெளியில் சிதறவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மிகத் துல்லியமான நிழலைக் கொடுத்தார். உருவம் என்னவென்று தெரியாத நிலையிலும் அது அங்கே இருக்கிறது என்று நிழல் சாட்சி சொல்கிறது. ரெமேதியோஸ் வாரோ என்ற பெண் ஓவியரின் தந்தை நீரியல் பொறியாளர். சிறுவயதில் தந்தையிடமே தொழில்நுட்ப வரைபடம் போடக் கற்றவர் அவர். அவருடைய படங்களில் வரும் சக்கரங்களும் கப்பிகளும் குழாய்களும் வேலை செய்யக்கூடியவை என்று நம்பத் தோன்றுவதற்கு அந்தப் பயிற்சியே காரணம் என்று நான் கருதுகிறேன். இந்தத் தொடருக்குத் தயாராக விரும்புபவர், உருவ ஓவியப் பயிற்சியோடு பொறியியல் வரைபடமும் சிறிது காலம் கற்பது வீணாகாது.

எந்திர விலங்கு என்ற எண்ணம் ஓவியர்களுக்கு மட்டும் உரியது அல்ல. பெருங்கதையில் உதயணனைச் சிறைபிடிக்க அனுப்பப்பட்ட எந்திர யானையின் வயிற்றில் வீரர்கள் ஒளிந்திருந்தார்கள். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் மனைவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறி அவளைச் சுமந்து பறந்து சுடுகாட்டில் இறங்கியது. திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட, இன்று லண்டனில் உள்ள மரப்புலியின் உடலில் ஒரு கைப்பிடி இருக்கிறது; அதைச் சுழற்றினால் புலி உறுமும், அதன் கீழ் கிடக்கும் மனிதன் கையை உயர்த்துவான். இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மையைக் கவனித்தேன். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காகச் செய்திருக்கிறார், அந்தத் தேவை உருவத்திலேயே தெரிகிறது. ஒளிந்திருப்பவர் வெளியே வரக் கதவு வேண்டும், பறப்பவர் அமர இருக்கை வேண்டும், புலியை உறுமவைப்பவருக்குக் கைப்பிடி வேண்டும். அதனால் என் விலங்கு ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தொடுவதற்கு முன்பே, இதை யார் எதற்காகச் செய்தார்கள் என்பதைக் குறிப்பேட்டில் ஒரு பத்தி எழுதிவிடுகிறேன். அந்தப் பத்தியை யாருக்கும் காட்டுவதில்லை. ஆனால் அதன் விளைவு ஓர் ஏணிப்படியாகவோ, தேய்ந்த கைப்பிடியாகவோ, உள்ளிருந்து தாழிடும் ஒரு சிறு கதவாகவோ படத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. பார்ப்பவர்கள் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

நிலத்துக்கும் அதே போல ஒரு கடந்தகாலம் வேண்டும். தமிழ்க் கவிதை பாலையைத் தனி நிலமாக மட்டும் பார்க்கவில்லை; முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலை என்றும் பார்த்தது. ஓவியனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் கிடையாது. மணலை வரையுமுன் இங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டுக்கொள்கிறேன். எகிப்தின் வாடி அல்-ஹிதான் பள்ளத்தாக்கில் இன்று மணலும் பாறையுமே இருக்கின்றன. ஆனால் அங்கே சிறு பின்னங்கால்கள் கொண்ட பழங்காலத் திமிங்கிலங்களின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன, ஏனென்றால் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடல். உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் ஊரில் ஆரல் கடல் பின்வாங்கியதால் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் நிற்கின்றன. என் திமிங்கிலம் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. அதன் விலாத் தகடுகளில் கப்பலின் நீர்மட்டக் கோடு இருக்கிறது, அந்தக் கோட்டுக்குக் கீழே காய்ந்த சிப்பிகள் ஒட்டியிருக்கின்றன. பாலைவனத்தில் ஒட்டகத்தை எந்திரமாக்கி வரையும் ஆசை பலருக்கு வருகிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. ஒட்டகம் அந்த நிலத்துக்கு உரியது, அதற்கு அங்கே நிற்கக் காரணம் தேவையில்லை. அங்கே இருக்கக் காரணமே இல்லாத விலங்கு, ஆனால் முன்பு ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்று எண்ணவைக்கும் விலங்கு, அதுவே இந்தத் தொடருக்கு வேண்டியது.

விலங்கின் உடற்கூற்றை எலும்பளவில் அறியாமல் எந்திரத்தைக் கட்ட முடியாது. குதிரையின் பின்காலில் பின்னோக்கி மடங்குவது போலத் தோன்றும் மூட்டு முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றோடு ஒட்டி மேலே இருக்கிறது. இதை அறிந்துகொண்டால் அந்தக் காலுக்கு எத்தனை கீல்கள், எந்தத் திசையில் மடங்கும் கீல்கள் என்பது தானே தெளிவாகும். யானையின் தும்பிக்கையில் எலும்பு இல்லை, ஆகவே அங்கே கீல் போடுவது பொருந்தாது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய வளையங்களும் அவற்றை இழுக்கும் கம்பிவடங்களும்தான் தும்பிக்கையின் அசைவைத் தரும். ஆமையின் ஓடு அதன் முதுகெலும்போடும் விலா எலும்புகளோடும் இணைந்த ஒரே அமைப்பு. எந்திர ஆமையின் ஓட்டைக் கழற்றி மாட்டும் மூடியாக வரைந்தால் அது ஆமையாக இராது, ஒரு பெட்டியாகிவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள எலும்புக்கூடுகளை வரைந்து பழகுவதை இந்தத் துறையில் நுழைபவர் அனைவருக்கும் நான் வற்புறுத்திச் சொல்வேன்.

எந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டு மூன்று அடிப்படைகள் போதும். ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும். மூன்று சக்கரங்களை முக்கோணமாக, ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் தொடும்படி வைத்தால் எதுவுமே சுழலாது. பொருந்தும் சக்கரங்களின் பற்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். பொறியியல் படிக்காத பார்வையாளர் இவற்றைச் சொற்களில் சொல்லமாட்டார், ஆனால் இறுகிப்போன சக்கரக்கூட்டத்தைப் பார்க்கும்போது அவருடைய கண் அந்த விலங்கைச் செத்ததாக எடுத்துக்கொள்ளும். எந்திரங்களைப் பழுதுபார்த்தே வாழ்ந்த ஒரு முதியவர் ஒருமுறை என் யானைப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, “இதுக்கு எண்ணெய் எங்க விடுவீங்க?” என்று கேட்டார். நான் பெற்ற விமர்சனங்களில் இதைப் போல் எனக்கு உதவியது வேறு இல்லை. அவர் அந்த யானையை நம்பிவிட்டார். நம்பியதால் அதன் பராமரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் ஏற்றும் சிறு முனையை வரைகிறேன். அதோடு அந்தக் கேள்வி இன்னொன்றுக்கும் இட்டுச் சென்றது. மணற்பகுதியில் எண்ணெய் கசிந்தால் அதில் மணல் ஒட்டிக்கொண்டு மூட்டை அரைக்கும் கரிய பசையாகிவிடும். அதனால் தூசி மிகுந்த இடங்களில் கிராஃபைட் போன்ற உலர் மசகுப்பொருள்களைப் பயன்படுத்துவதுண்டு. பராமரிப்பாளர் இருந்த காலத்து விலங்கின் மூட்டில் ஈயச்சாம்பல் நிறத்தில் கிராஃபைட்டின் மெல்லிய பளபளப்பு இருக்கும். கைவிடப்பட்ட விலங்கின் மூட்டில் மணல் கலந்த கரிய கட்டி இருக்கும். ஒரு விரல் அகல இடத்தில் வைத்த வண்ணம் விலங்கின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறது. சிவப்பாக ஒளிரும் கண்களோ, உடலெங்கும் அலங்காரமாகப் பதித்த பித்தளைச் சக்கரங்களோ ஒருநாளும் இதைச் செய்வதில்லை. அவற்றை என் படங்களில் நான் அனுமதிப்பதே இல்லை.

இனி மணல். எந்திர விலங்குப் படங்கள் பெரும்பாலும் தோற்றுப்போவது விலங்கில் அல்ல, அதன் கால் மணலைத் தொடும் இடத்தில். காற்று ஏறி வரும் பக்கத்தில் மணல்மேட்டின் சரிவு மென்மையானது, பொதுவாக 10 முதல் 15 பாகை. மணல் சரிந்து விழும் பக்கம் ஏறத்தாழ 32 முதல் 34 பாகை வரை செங்குத்தாக இருக்கும், அதற்கு மேல் உலர்மணல் நிற்காது. பிறை வடிவ மேடுகளின் கொம்புகள் காற்று போகும் திசையை நோக்கியிருக்கும். மணலின் சிற்றலைகள் காற்றுக்குக் குறுக்காக ஓடும். ஆகவே வரையத் தொடங்குமுன் காற்றின் திசையைக் காட்டும் ஓர் அம்புக்குறியைக் கான்வாஸின் பின்பக்கத்தில் போட்டுவிடுகிறேன். படத்தில் உள்ள ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு அலையும் அந்த அம்புக்குறிக்கு உடன்பட வேண்டும். நிலையாக நிற்கும் பொருளைச் சுற்றிக் காற்று எதிர்ப்படும் பக்கத்தில் குதிரைலாட வடிவில் பள்ளம் பறிக்கும், மறைவான பக்கத்தில் வால் போல மணலைச் சேர்க்கும். யானையின் நான்கு கால்களுக்கும் இந்தப் பள்ளமும் வாலும் ஒரே திசையில் அமைந்துவிட்டால், அது அங்கே நீண்ட காலமாக நிற்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நடந்துகொண்டிருக்கும் யானையாக இருந்தால் பள்ளம் இருக்காது. அதற்குப் பதிலாகக் காலடியின் பின்விளிம்பில் மணல் இன்னும் சரிந்துகொண்டிருக்கும்.

காற்றில் பறக்கும் மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே துள்ளித் துள்ளிச் செல்கிறது. இந்த ஒரு செய்தி என் விலங்குகளின் தோற்றத்தையே மாற்றியது. மணலால் அரிக்கப்படுவது கால்களின் கீழ்ப்பகுதி, அதுவும் காற்று எதிர்ப்படும் பக்கம். அங்கே பூச்சு உரிந்து உலோகம் வெளுத்துப் பளபளக்கும். முதுகில் பழைய பூச்சு வெயிலில் வெளிறியிருந்தாலும் உரியாமல் இருக்கும். துருவும் எங்கும் ஒரே அளவில் படியாது. வறண்ட உட்பகுதிப் பாலைவனத்தில் இரும்பு மிக மெதுவாகத் துருப்பிடிக்கிறது. நமீபியாவின் கடற்கரைப் பாலைவனத்தைப் போல மூடுபனியும் உப்பும் வரும் இடங்களில் விரைவாக அரித்துப்போகிறது. பொலிவியாவில் உயுனி உப்புவெளியின் அருகே கைவிடப்பட்ட ரயில் எஞ்சின்களின் புகைப்படங்களைப் பார்த்தால், உப்புக்காற்று தகட்டை எப்படித் தின்கிறது என்பது தெரியும். அதனால் துருவை வரையுமுன் இது எந்த வகைப் பாலைவனம் என்று முடிவுசெய்ய வேண்டும். எல்லா விலங்குகளுக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறத் துருவைப் பூசுவது, எல்லா முகங்களுக்கும் ஒரே சுருக்கத்தை வரைவதற்குச் சமம்.

உண்மையான மணலை வண்ணத்தில் கலந்து பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆந்த்ரே மாஸோன் 1926-27 காலத்தில் கான்வாஸில் பசையை ஊற்றி மணலைத் தூவிப் படங்கள் செய்தார்; அங்கே மணல் மணலாகவே நின்றது, அது பொருந்தியது. நம் வகைப் படத்தில் அது பொருந்தாது. 3 மீட்டர் உயர யானை படத்தில் 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் அளவு பத்தில் ஒரு பங்காகிறது. அதன் காலடியில் ஒட்டிய 0.3 மி.மீ. மணற்பருக்கை 3 மி.மீ. கூழாங்கல்லாகத் தெரியும், யானை பொம்மையாகச் சுருங்கிவிடும். மணலின் பரப்பை மென்மையான தூரிகையால் வழவழப்பாகவே முடிக்க வேண்டும். பாறைகளுக்கு மட்டும் நான் வேறு உத்தியைக் கையாள்கிறேன். ஆஸ்கர் தொமிங்கெஸ் தொடங்கி எர்ன்ஸ்ட் எண்ணெய் வண்ணத்துக்கு விரித்த முறை அது: ஈர வண்ணத்தின் மேல் கண்ணாடியையோ வழவழப்பான தாளையோ அழுத்தி எடுத்தால், கையால் வரைய முடியாத பிளவுகளும் கிளைகளும் தோன்றும். துருப்பிடித்த தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுக்கும் முறையையும் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத்தரையில் செய்த சோதனைகளிலிருந்தே எடுத்துக்கொண்டேன். தற்செயலுக்கு நான் இடம் கொடுப்பது இந்த இரண்டு இடங்களில் மட்டும்.

வெயிலைப் பொறுத்தவரை, கதிரவனின் உயரத்தை முதலிலேயே பாகையில் தீர்மானித்துவிடுவது பெரிய உதவி. 45 பாகையில் நிழல் பொருளின் உயரத்துக்குச் சமம். 20 பாகையில் ஏறத்தாழ 2.7 மடங்கு, 10 பாகையில் ஐந்தரை மடங்குக்கும் மேல். நீண்ட நிழலை விரும்பி 10 பாகையை எடுத்துக்கொண்டு, மணலை மட்டும் நண்பகல் வெண்மையில் பூசினால் படம் இரண்டாகப் பிரிந்துவிடும். நிழலின் விளிம்பும் எங்கும் ஒரே கூர்மையில் இராது. வானில் கதிரவனின் விட்டம் ஏறத்தாழ அரைப் பாகை; அதனால் 10 மீட்டருக்கு அப்பால் விழும் நிழலின் விளிம்பு ஏறத்தாழ 9 செ.மீ. அகலத்துக்குக் கலங்கும், சாய்ந்த தரையில் இன்னும் விரியும். காலடியில் கத்திபோல் தொடங்கும் நிழல், தலை விழும் இடத்தில் மெத்தென்று முடிய வேண்டும். இந்த மாற்றம் ஒன்றே விலங்கின் உயரத்தைச் சொல்லிவிடும். அளவு காட்ட அருகில் ஒரு மனிதனை நிறுத்த வேண்டிய தேவையே வராது.

நிழலுக்குள் விழும் ஒளிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மணலில் விழுந்த நிழலை வானம் ஒளியூட்டுவதால் அது நீலம் கலந்திருக்கும். விலங்கின் வயிற்றை மணல் ஒளியூட்டுவதால் அது பொன்நிறச் சூட்டோடு இருக்கும். மேல்பக்கத் தகடு குளிர்ந்தும் அடிவயிறு சூடாகவும் இருப்பது நம் பழக்கத்துக்கு எதிரானது என்பதால் கை தயங்கும். தயங்காமல் பூசினால் விலங்குக்கு எடை வந்துவிடும். மெருகேற்றிய உலோகத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். படுக்கையாக உள்ள ஒரு பிஸ்டன் தண்டை எடுத்துக்கொண்டால், அதன் மேல்பாதி வானத்தையும் கீழ்ப்பாதி மணலையும் பிரதிபலிக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அடிவானம் முழுவதும் நெருங்கி ஒரு கருங்கோடாக ஓடும். அந்தக் கோட்டை ஒரே இழுப்பில், நடுக்கமில்லாமல் போட வேண்டும். அது வந்தவுடன் சாம்பல் வண்ணம் எஃகாகிவிடும். எத்தனை முறை வரைந்தாலும் அந்தக் கணத்தில் எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி குறைந்ததில்லை.

வண்ணப்பெட்டியில் அதிகம் தேவையில்லை. மஞ்சள் காவிக்கு நிறத்தைத் தருவது நீர்ச்சேர்க்கை கொண்ட இரும்பு ஆக்சைடு. சூடாக்கினால் நீரை இழந்து சிவக்கும். பர்ன்ட் சியன்னாவும் சுட்டெடுத்த மண்தான். துருவும் இரும்பு ஆக்சைடுதான், பாலைவனச் செம்மணலின் பருக்கைகளைப் போர்த்தியிருப்பதும் அதுதான். ஆகவே விலங்கையும் நிலத்தையும் ஒரே குழாய்களிலிருந்து கலப்பதில் வேதியியல் நியாயமே இருக்கிறது: நிலத்திலிருந்து எடுத்த இரும்பு நிலத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இந்த நான்கைந்து காவிகளோடு ஒரு நீலமும் ஒரு வெள்ளையும் போதும். வெள்ளையில் துத்தநாகம் மிகுந்தவற்றைத் தவிர்ப்பது நல்லது; எண்ணெயில் அது காலப்போக்கில் நொறுங்கும் தன்மை பெறுகிறது, அகன்ற வானப்பரப்பு வெடிக்கும் அபாயம் உண்டு. மாங்கனீசு உள்ள அம்பர் என்ற பழுப்பு மண்வண்ணம் விரைவாக உலரும், ஐவரி பிளாக் என்ற கறுப்பு மெதுவாக உலரும். கறுப்பைத் தடிப்பாகப் பூசி அதன் மேல் அம்பரை ஏற்றக் கூடாது. எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, எண்ணெய் மிகுந்த பூச்சு மேலே என்ற பழைய விதி இங்கே முழுமையாகப் பொருந்தும்.

தொடராக வரைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு படம் நன்றாக அமைந்துவிட்டால் அதையே விலங்கை மட்டும் மாற்றி மீண்டும் வரையும் ஆசை வரும். வாங்குபவர்களும் அதையே கேட்பார்கள். நான் பின்பற்றும் வழி வேறு. முடிந்த படம் விடையளிக்காமல் விட்ட கேள்வியிலிருந்துதான் அடுத்த படம் தொடங்க வேண்டும். தனியாக நின்ற யானைக்குப் பின் வந்த கேள்வி, இது பழுதானால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. பாலைநிலக் கவிதைகளில், தன் பிடியின் பசியைத் தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் களிறு வருகிறது. அந்தக் களிறு என்னை விடவில்லை. இரண்டு எந்திர யானைகளை வரைந்தேன். மரமே இல்லாத வெளி அது. களிற்றின் இடது விலாவில் ஒரு தகடு இல்லை. தகடு இருந்த இடத்தில் எட்டுப் போல்ட் துளைகளும், உள்ளே ஒரு குழாயும் தெரிகின்றன. பிடியின் தோளில் நிறம் பொருந்தாத ஒரு தகடு, அதே எட்டுத் துளைகளோடு மாட்டப்பட்டிருக்கிறது. அவற்றில் ஆறில் மட்டும் போல்ட் இருக்கிறது. களிற்றின் தும்பிக்கை நுனியில் ஏழாவது போல்ட் இருக்கிறது. விளக்கம் எதுவும் எழுதி வைக்காமலேயே பலர் அந்தத் துளைகளை எண்ணிப் பார்த்துக் கண்டுகொண்டார்கள். தொடரில் அந்த ஒரு படத்தை மட்டும் நான் விற்கவில்லை.

கண்காட்சியில் வரிசைப்படுத்தும்போது எல்லாப் படங்களின் அடிவானத்தையும் ஒரே உயரத்தில் அமையுமாறு தொங்கவிடுகிறேன். சட்டங்களின் மேல்விளிம்பு ஏறி இறங்கினாலும் அடிவானம் சுவர் முழுவதும் ஒரே கோடாக ஓடினால், விலங்குகள் எல்லாம் ஒரே நிலத்தில் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பதாகத் தோன்றும். தலைப்புகளில் விலங்கின் பெயரும் காற்றின் திசையும் மட்டுமே இருக்கும்.

இப்போது வரைந்துகொண்டிருப்பது வண்டு. நமீப் பாலைவனத்தில் மணல்மேட்டின் உச்சியில் தலைகீழாகச் சாய்ந்து நின்று, மூடுபனி தன் முதுகில் துளியாகி வாய்க்கு வழிந்து வரும்படி செய்யும் வண்டுகள் இருக்கின்றன. எந்திர வண்டுக்கு அந்த நீர் எதற்கு, கொதிகலனுக்கா என்பதுதான் குறிப்பேட்டில் இந்தமுறை எழுதிய பத்தி. மூடுபனியில் கூரிய நிழல் கிடையாது, வயிற்றில் மணலின் பொன்னொளியும் கிடையாது; இதுவரை எடையைக் காட்ட நான் நம்பியிருந்த இரண்டும் இல்லாமல் போகின்றன. சிறு பலகைகளில் சோதனை செய்து பார்த்ததில், ஆறு கால்களின் நுனியிலும் நீர் சொட்டி மணல் கருத்த இடங்களை மட்டும் அழுத்தமாகக் காட்டினால் போதும் என்று தோன்றுகிறது. அடுத்து அந்தக் கருமையை எவ்வளவு அகலத்துக்குப் பரவவிடலாம் என்று பார்க்க வேண்டும்.